காட்டுத்தீயைத் தடுக்க ஊராட்சி பணம் செலவிடலாமா?

தாளவாடி மலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். காப்புக்காட்டுக்குள் தீத்தடுப்பு வனத்துறையின் பொறுப்பு. அதற்கான திட்டத்தில் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 விழுக்காடு தருகின்றன. ஊராட்சி நிதியைக் காட்டோர ஊர்ப் பொதுநிலத்தில் செலவிடுவதே சரி.

அங்கே முதல் எதிரி உண்ணிச்செடி. காய்ந்த புதர் தரைத்தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும்; வேரோடு பிடுங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முளைப்பதைக் களைய வேண்டும். ஓராண்டுப் பணத்தோடு நிறுத்தினால் செலவழித்ததும் வீண் என்பதே என் உறுதியான கருத்து. தீத்தடுப்புக் கோடுகள், அதாவது தீ தாண்டிப் பரவாதபடி புல்லும் புதரும் அகற்றிய வெற்றுப் பட்டைகள், தை மாதத்துக்குள் முடிய வேண்டும். பங்குனியில் வரும் நிதி யாருக்கு உதவும்?

2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்குத் தருகிறது. அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டத்திலேயே இந்தச் செலவுக்கான தீர்மானம் நிறைவேற்றுங்கள்.