பழைய எல்ஃப் லொறியின் டீசல் கசிவும் கிளட்சும்

வணக்கம். உங்கள் பழைய இசுசு எல்ஃப் லொறியில் டீசல் சொட்டுவதாகவும், செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் நெல் மூட்டைகளுடன் ஏறும்போது கிளட்ச் வழுக்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கியர்பெட்டியை உடனே இறக்க வேண்டாம். முதலில் எஞ்சினைத் துடைத்துவிட்டு, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் சிறிய இறப்பர் குழாய்களையும் பம்ப் இணைப்புகளிலுள்ள செப்பு வாசர்களையும் பாருங்கள், ஏனெனில் வெப்பத்தில் இறுகி வெடித்த குழாய்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். எஞ்சின் ஓடும்போது உயரழுத்தக் குழாய்களைத் தயவுசெய்து கையால் தடவாதீர்கள். அவற்றின் கசிவிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் கையையே இழக்க நேரிடலாம்.

கிளட்ச் பெடலில் சிறிதளவேனும் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டாலும் வழுக்கும். கிளட்ச் உறையின் அடியில் சொட்டுவது டீசலாக இல்லாமல் கறுத்த எஞ்சின் எண்ணெயாக இருந்தால், கிராங்கின் (எஞ்சினின் சுழலும் தண்டின்) பின்புறத்தில் எண்ணெயைத் தடுக்கும் சீல் பழுதடைந்து கிளட்ச் தட்டை நனைத்திருக்கக்கூடும். அப்படியானால் சீலையும் தட்டையும் ஒன்றாகவே மாற்றச் சொல்லுங்கள்.