மழையா, மாழையா?

கேள்வி: நான் யாரிடமும் முறையாக இசை கற்றதில்லை. கேட்டுக் கேட்டே கீபோர்டு பழகினேன். இப்போது மெட்டும் நானே போடுகிறேன், வரிகளும் நானே எழுதுகிறேன். ஒரு வித்வான் "வெறும் கேள்வி ஞானத்தில் சாகித்யம் (பாட்டு) பண்ணக் கிளம்பிவிட்டாயா?" என்கிறார். ஒரு தமிழாசிரியர் "யாப்புத் (செய்யுள் இலக்கணம்) தெரியாமல் என்ன கவிதை?" என்கிறார். என் பாடல் வரிகளைக் கவிதைப் புத்தகமாகப் போட்டு, பெயருக்கு முன்னால் 'கவிஞர்' என்று சேர்த்துக்கொள்ளலாமா? ஒரு பாடலின் பதிவை அனுப்பியிருக்கிறேன். (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: வித்வானை முதலில் முடித்துவிடுவோம். குருகுலத்தில் மட்டும் என்ன நடந்தது? குரு பாடுவார், சிஷ்யன் கேட்டுத் திருப்பிப் பாடுவான். அதுவும் கேள்விதான். ஒரே ஒரு வித்தியாசம், அங்கே தப்பாகப் பாடினால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்ல ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார், உங்களுக்கு அப்படி யாரும் இல்லை. அதன் விளைவு உங்கள் பதிவில் நன்றாகவே கேட்கிறது. வெள்ளைக் கட்டைகளை விட்டு விரல் நகரவே இல்லை, சுருதி மாற வேண்டிய இடத்தில் கட்டைகளின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான்தான் வேலை செய்கிறது (ஒத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை). பல்லவி போன வழியிலேயே சரணமும் போவதற்குக் காரணம் கற்பனைப் பஞ்சம் இல்லை, விரலுக்குப் பழகின தடம். அடுத்த மெட்டைக் கீபோர்டை மூடி வைத்துவிட்டு வாயால் முனகிப் போட்டுப் பாருங்கள், குரல் வேறு எங்காவது கூட்டிக்கொண்டு போகும்.

சரி, பாட்டுக்கு வருவோம். 'மழையே நீ வரும் பாதையில் மனதை விரித்து வைத்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தாளில் பார்த்தால் குற்றமில்லை ('மனதை' தப்பு, 'மனத்தை' என்றுதான் வர வேண்டும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், அவர்களை விடுங்கள்). ஆனால் உங்கள் மெட்டு முதல் எழுத்திலேயே இரண்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) கார்வை கொடுத்து, அதாவது நீட்டி, நிற்கிறது. 'ம' குறில், அதை அவ்வளவு நேரம் இழுத்தால் 'மா' ஆகிவிடும். பதிவில் நீங்கள் பாடுவது 'மாழையே'. மாழை என்றால் பழைய தமிழில் பொன்! அடுத்த வீச்சில் 'வரும்' என்பது 'வாரும்' ஆகிறது. ஆக, 'பொன்னே நீ வாரும்' என்று ஒருமையும் மரியாதையுமாகக் கலந்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், மழை இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கு யாப்பருங்கலம் என்ற யாப்பு நூலைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். மெட்டைத் தத்தகாரமாக, அதாவது வார்த்தை இல்லாமல் 'தன தான' என்று, எழுதிக்கொள்ளுங்கள், போதும். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டுக்கு மேலே 'தத்தன தனதன' என்று சந்தக் குழிப்பு போட்டிருப்பார்களே, அதே சங்கதிதான். குறில் வர வேண்டிய இடத்தில் 'த', நெடிலுக்குத் 'தா', வல்லெழுத்து அழுந்தினால் 'தத்த', மெல்லெழுத்து அழுந்தினால் 'தந்த'. உங்கள் மெட்டின் தொடக்கம் 'தானனா' என்று கேட்கிறது, நீங்கள் கொடுத்திருப்பது 'தனனா'. 'மேகமே' என்று வைத்தால் கச்சிதமாக உட்காரும். மழைதான் வேண்டும் என்றால் கார்வையை 'யே' மேல் தள்ளுங்கள், அது நெடில், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். 'வரும்' என்பதையும் இதே மாதிரி நீங்களே சரி செய்துகொள்ளலாம்.

இப்போது புத்தகம். கோபாலகிருஷ்ண பாரதியார் தன் கீர்த்தனை நூலான நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம் (நூலைப் பாராட்டி முன்னால் வைக்கும் செய்யுள்) கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடையாய் நடந்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பிள்ளை தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் பாரதியார் அவர் வீட்டில் காத்திருந்த நேரத்தில் தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டிருக்க, உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் 'பார்த்தீர்களா, இலக்கணம் தோற்றது' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளை மனம் மாறியது கேட்டபோது, படித்தபோது இல்லை. 1871இல் தன்னிடம் பாடம் கேட்க வந்த உ.வே.சா. அதே பாரதியாரிடம் இசையும் கற்கிறார் என்று தெரிந்தபோதும் அவருக்கு அது பிடிக்கவில்லை, இசையில் பழக்கம் அதிகமானால் இலக்கண இலக்கியத்தில் புத்தி தீவிரமாகச் செல்லாது என்றார். உ.வே.சா. பாட்டை விட்டுவிட்டார்.

நீங்கள் வரிகளை மட்டும் அச்சிட்டால் மெட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் பிள்ளை கையில் தாளைக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் உங்கள் சரணங்களை மெட்டை மறந்துவிட்டு வாய்விட்டுப் படித்தேன். 'கண்ணே கண்ணே' மூன்று தடவை வருகிறது. பாடும்போது ஒவ்வொரு தடவையும் மெட்டு வேறு இடத்தில் ஏறுவதால் உறுத்தவில்லை, தாளில் அது மூன்று 'கண்ணே கண்ணே' மட்டும்தான். 'குடை மறந்தவன் நடையில்தான் அவசரமே இல்லை' என்று இரண்டாம் சரணத்தில் ஒரு வரி இருக்கிறது, அதற்கு மெட்டே வேண்டாம். அந்த மாதிரி முப்பது வரி சேரட்டும், அப்புறம் புத்தகம் போடலாம்.

'கவிஞர்' பட்டத்துக்கு யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை, தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். 'மாழை'யைத் திருத்திவிட்டு.