ஒரே டிரைவர், 24 மணி நேரம், மும்பை லைன்: சரிப்படுமா?

கேள்வி: பெங்களூரு நெலமங்கலாவில் ஒரு பார்சல் கம்பெனிக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். இப்போது மும்பை லைன் கொடுத்திருக்கிறார்கள். மும்பை பக்கத்திலுள்ள பிவண்டி குடோனுக்கு 24 மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இரண்டாவது டிரைவர் கிடையாது. லேட்டானால் பேட்டாவில் பிடிக்கிறார்கள். விடியற்காலையில் கண் இழுக்கிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசலும் நேரமும் மிச்சம் என்று கூட ஓட்டும் அண்ணன்கள் சொல்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தேசிய நெடுஞ்சாலை 48 வழியாக பெங்களூருவிலிருந்து மும்பை ஏறக்குறைய 980 கிலோமீட்டர். நான்கு வழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு உச்ச வேகம் 80. டோல், ஊர் நெரிசல், மலைப்பாதை எல்லாம் சேர்ந்து சராசரி 50 கிடைத்தாலே நல்ல ஓட்டம்தான். அப்படியானால் ஸ்டீயரிங்கில் மட்டும் 20 மணி நேரம். மீதி 4 மணி நேரத்துக்குள் சாப்பாடு, டீசல், குளியல், தூக்கம். ஓர் ஆள் இதைச் செய்ய முடியாது. உங்களுக்குக் கண் இழுப்பது உங்கள் குறை இல்லை, அந்த நேரக்கணக்கின் குறை.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. தொலைதூர ஓட்டத்துக்கு அனுமதி வாங்கினால்கூட 10 மணி நேரம்தான். ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு என்றும் எழுதி வைத்தது. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்தச் சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. எட்டு மணி வேலைநாளும், ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளமும் அதிலும் உண்டு. வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்களிடம் அந்தக் கடிதம் இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சூப்பர்வைசரிடம் சண்டை போட வேண்டாம், கணக்கைச் சொல்லுங்கள். பெலகாவி ஏறக்குறைய பாதி தூரம். அங்கே டிரைவர் மாறினால் ஆளுக்குப் பத்து மணி நேரம், வண்டியும் நிற்காமல் போகும். வண்டியிலேயே இரண்டு பேர் போவது அதற்கு அடுத்தபடிதான், ஏனென்றால் ஓடுகிற வண்டியின் கேபினில் ஆழ்ந்த தூக்கம் வராது. "இ-வே பில் முடிந்துவிடும்" என்று, அதாவது சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டின் காலம் தீர்ந்துவிடும் என்று அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது விதி, மும்பைக்கு ஐந்து நாள் கிடைக்கிறது. அவசரமெல்லாம் கம்பெனி தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. பேசுகிற எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பன்னேர்கட்டா சாலையிலுள்ள கார்மிக பவனில், தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். தனியாகப் போவதைவிட நான்கைந்து டிரைவர்களாகச் சேர்ந்து போனால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அடுத்து தூக்கம். பார்சல் லைனில் பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வண்டி இரவு 10 மணிக்குக் கிளம்பினால் டிரைவர் தன் வேலை 10 மணிக்குத் தொடங்கியதாக நினைக்கிறார். உடம்போ, காலை 6 மணிக்கு விழித்ததிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் குடோனில் லோடு ஏற்றும் மேடையில் நின்று சரக்கு ஏறுவதைப் பார்த்திருப்பார். அதிகாலை 3 மணிக்கு அவர் 21 மணி நேரம் விழித்திருப்பவர். 17 மணி நேரம் விழித்திருந்தாலே, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் அளவுக்குக் கவனம் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டுச் சட்ட வரம்பே 30 மில்லிகிராம்தான். அதனால் லோடு ஏறும்போது நீங்கள் படுத்திருக்க வேண்டும். சரக்கு எண்ணுவது குடோன் ஆட்களின் வேலை. இந்த ஒன்றையாவது உறுதியாகக் கேட்டு வாங்குங்கள்.

இரவு 2 மணியிலிருந்து 5 மணிவரை உடம்பு தானாகவே தூக்கத்துக்குப் போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி கண் மூடினால் கிட்டத்தட்ட 90 மீட்டரை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். பாட்டு, ஜன்னல் காற்று, பான், ஹான்ஸ் புகையிலை எதுவும் இதைத் தடுக்காது. கடந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லை என்றாலோ, வண்டி தானாக ஓரம் போனாலோ, அடுத்து வரும் நல்ல நிறுத்தத்தில் ஒதுக்குங்கள். ஒரு டீ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். டீ வேலை செய்யத் தொடங்கவே அவ்வளவு நேரம் ஆகும். எழுந்ததும் முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். இது ஓரிரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும், இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. சளி மாத்திரை பலவற்றுக்குத் தூக்கம் வரும், டிரிப்பில் கேட்காமல் போடாதீர்கள்.

நிறுத்துவது லாரி நிறுத்துமிடத்தில், பங்கில், பெரிய தாபாவில் மட்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் லைட் இல்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் வந்து மோதுவதில் எத்தனையோ உயிர்கள் போகின்றன.

நியூட்ரல் விஷயத்தில் அண்ணன்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். இன்றைய மின்னணு டீசல் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் எரியும். மிச்சம் என்று நினைப்பது செலவு. டீசலைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. நியூட்ரலில் வண்டியின் முழு எடையையும் பிரேக் ஒன்றே தாங்கும். பிரேக் டிரம் சூடேறி, அதை அழுத்திப் பிடிக்கும் லைனர் பிடி விடும், திரும்பத் திரும்ப மிதித்தால் பிரேக்கை இயக்கும் காற்றழுத்தமும் இறங்கும். நம் தொப்பூர் கணவாயில் நடப்பதும் இதுதான். உங்கள் பாதையில் புனேயில் காத்ரஜ் புதிய சுரங்கப்பாதையிலிருந்து நவலே பாலம்வரை இதேபோன்ற நீண்ட சரிவு, அதற்கப்புறம் கண்டாலா காட். இரண்டும் நீங்கள் மிகக் களைத்திருக்கும் கடைசிப் பகுதியில் வருகின்றன. சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வேகம் பிடித்தபிறகு முயன்றால் கியர் விழாமல் நியூட்ரலிலேயே நின்றுவிடலாம். எஞ்சின் புகையைத் தடுத்து வண்டியை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, தேவைப்படும்போது கால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகம் குறைந்ததும் விடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்கினால் டிரம் ஆறவே ஆறாது.

லோடு பற்றிச் சுருக்கமாக: கனமான பெட்டிகள் அடியில், இரு பக்கமும் சமமாக. ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடைச் சீட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் பலத்த குறட்டை விடுபவரா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ஆம் என்றால் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூக்கம் போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. அடுத்த மும்பை டிரிப்புக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.