ரௌட்டரை மாற்ற அவசரப்படாதேங்கோ

கேள்வி: மகளின்ர லப்டொப்பை விண்டோஸ் 11க்கு மாத்தினதில இருந்து வைஃபை அடிக்கடி அறுந்து போகுது. சூம் வகுப்பு நடுவில நிண்டு போறதால பிள்ளை அழுகிறாள். என்ர போனில ஒரு பிரச்சினையும் இல்லை. கடையில புது ரௌட்டர் வாங்கச் சொல்லினம். வாங்கட்டோ?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: வாங்காதேங்கோ அம்மா. அதே அறையில போன் ஒழுங்கா வேலை செய்யுதெண்டால் ரௌட்டரில பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. அநேகமாக லப்டொப்பின் வைஃபை ட்ரைவர்தான் (வைஃபை கருவியை விண்டோஸோட சேர்த்து இயக்கிற மென்பொருள்) புது விண்டோஸோட ஒத்துப்போகேல்லை.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மனேஜரைத் திறவுங்கோ. நெட்வேர்க் அடப்டர்ஸ் என்பதற்குக் கீழே 'வயர்லஸ்' அல்லது 'வைஃபை' எண்டு ஒரு பெயர் இருக்கும். அதின்ர ப்ரொப்பர்ட்டீஸில பவர் மனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போனால், மின்சாரம் மிச்சம்பிடிக்க இந்தக் கருவியை நிறுத்தலாம் என்ற பெட்டியில சரி அடையாளம் போட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கோ. பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து வைஃபை படுக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். சில புது லப்டொப்புகளில் அந்தப் பக்கமே இராது.

அதுக்கும் சரிவராட்டி, லப்டொப்பின் மொடல் இலக்கத்தைக் கொடுத்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே விண்டோஸ் 11க்கான ட்ரைவரை எடுங்கோ. வேறு தளங்கள் வேண்டாம். போனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் (போனின்ர இணையத்தை லப்டொப்புக்குக் குடுக்கிற வசதி) போட்டால் தரவிறக்கம் இடையில் அறாது.

மாற்றி 10 நாளுக்குள் என்றால் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். ஆனால் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. அதால திரும்பிப் போகச் சொல்லி நான் சொல்லமாட்டேன். நெட்வேர்க் ரீசெட்டை (லப்டொப்பின்ர இணைய அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாறதை) கடைசி வழியாக வையுங்கோ. வைஃபை பாஸ்வேர்ட்டை முதலே எழுதி வையுங்கோ, ரீசெட் செய்தால் லப்டொப்பில இருந்து அது அழிந்துபோகும்.