ஸ்பானிஷில் 'அதை' எங்கே ஒட்டுவது? கேள்வி பதில்

ஒன்பது வருடமாகத் தமிழ் பேசுபவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். 'என்னை', 'எனக்கு', 'அதை' போன்ற சின்னச் சொற்களை மூல வினையோடு ஒட்டுவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே. மூல வினை என்பது ஆர், ஏர், ஈர் என்று முடியும் வடிவம்: கொம்ப்ரார் (வாங்க), அசேர் (செய்ய), தெசீர் (சொல்ல).

கேள்வி: அக்கா, 'அதை வாங்க விரும்புகிறேன்' என்பதற்கு 'கியேரோ கொம்ப்ரார்லோ', 'லோ கியேரோ கொம்ப்ரார்' இரண்டையும் பார்த்தேன். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான், பொருளும் ஒன்றுதான். 'லோ'வுக்கு இரண்டு இடம் உண்டு. மூல வினையின் வாலில் சேர்ந்தே எழுதலாம், அல்லது 'கியேரோ'வுக்கு முன்னால் தனியாக நிற்கலாம். நடுவில் மட்டும் இடமில்லை. 'கியேரோ லோ கொம்ப்ரார்' தப்பு. நம்மவர்கள் அதிகம் செய்யும் தப்பு இதுதான், ஏனென்றால் தமிழில் 'அதை வாங்க' என்று வினைக்கு முன்னால் வைத்தே பழகிவிட்டோம்.

கேள்வி: எல்லா வாக்கியத்திலும் முன்னால் கொண்டுபோகலாமா?

பதில்: முடியாது. விரும்பு, முடியும், போகிறேன், வேண்டும் போன்ற துணை வினைகளோடு சரி. 'பாரா' (-க்காக), 'சின்' (இல்லாமல்) போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின் வந்தால் வாலில்தான்: 'பாரா கொம்ப்ரார்லோ'. 'ஆய் கே அசேர்லோ' (அதைச் செய்தாக வேண்டும்; 'வேண்டும்' என்று வந்தாலும் இது விதிவிலக்கு), 'மே குஸ்தா அசேர்லோ' (அதைச் செய்யப் பிடிக்கும்) இரண்டும் அப்படியே. சந்தேகம் வந்தால் வாலில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: 'எனக்கு அதைத் தர முடியுமா?' இரண்டு சொல் சேர்ந்தால் வரிசை என்ன? dármelo என்று எழுதும்போது a மேலே கோடு எதற்கு?

பதில்: 'புயேதெஸ் தார்மெலோ?' ஆளுக்கு உரியது முதலில், பொருளுக்கு உரியது பின்னால். நாம் சொல்லும் 'எனக்கு அதை' வரிசையேதான், தனியாக மனப்பாடம் வேண்டாம். 'அவனுக்கு அதை' என்றால் மட்டும் 'லே'யும் 'லோ'வும் பக்கத்தில் நிற்காது. 'லே' மாறி 'செ' ஆகிவிடும்: 'தார்செலோ'.

கோடு பற்றி: வால் நீண்டால் அழுத்தம் பின்னால் வழுக்கிவிடும் என்று தோன்றும். அப்படி வழுக்காமல் 'தார்' மேலேயே நிற்கிறது என்று காட்டத்தான் அந்தச் சாய்ந்த கோடு. ஒட்டுவது ஒன்று என்றால் பொதுவாகக் கோடு கிடையாது. இரண்டு ஒட்டினால் எப்போதும் உண்டு.

பழைய ஸ்பானிஷில் 'தெசீர்லோ' என்பதில் ரகரமும் லகரமும் கலந்து 'தெசில்லோ' என்று வந்ததும் உண்டு. 16ஆம் நூற்றாண்டுக் கவிதைகளில் பார்க்கலாம். நம் புணர்ச்சி விதிகளை ரசித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்.

கேள்வி: 'லோ'வா 'லே'யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தமிழ் வேற்றுமையைக் கேளுங்கள். 'ஐ' என்றால் லோ, லா. 'கு' என்றால் லே. பெரும்பாலும் வேலை செய்யும். இரண்டு வினைகளை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். 'அவளுக்கு போன் பண்ண' என்கிறோம், ஸ்பானிஷில் 'யமார்லா', அதாவது ஐ. 'அவளைக் கேட்க' என்கிறோம், அங்கே 'ப்ரெகுந்தார்லே', அதாவது கு. அப்படியே தலைகீழ்.

கேள்வி: 'நான் குளிக்கப் போகிறேன்', 'வோய் ஆ துச்சார்செ' சரியா?

பதில்: தப்பு. அகராதியில் 'துச்சார்செ' என்று இருக்கும், ஆனால் வாலிலிருப்பது ஆளுக்கேற்ப மாறணும். நான் என்றால் 'துச்சார்மே'.

கேள்வி: பேசும்போது 'லோ' விட்டுப்போகிறது. கண்டிப்பாக வேண்டுமா?

பதில்: வேண்டும். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 'எங்கே ஒட்டுவது' என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒட்ட மறந்துபோவதுதான் வருடக்கணக்கில் நம்மை விடாது. தமிழில் புத்தகத்தைக் காட்டி 'வாங்கணும்' என்றால் போதும், 'அதை' தேவையே இல்லை. நம் காதுக்கு அந்த இடம் காலியாகவே தெரியாது.

மாத்ரிதில் முதல் மாதம். ஒரு சின்னக் கடையில் நீலப் பூப் போட்ட களிமண் கோப்பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு 'கியேரோ கொம்ப்ரார்' என்றேன். கடைக்கார அம்மா சிரித்தபடி தலையை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தார். நான் முடித்துவிட்டேன், அவருக்கோ வாக்கியம் இன்னும் முடியவில்லை. மறுபடியும் சொன்னேன். 'கே?' (எதை?) என்று கேட்டார். கோப்பையை உயர்த்திக் காட்டினேன். 'ஆ, கொம்ப்ரார்லா!' என்று சொல்லிக்கொண்டே தாளில் சுற்ற ஆரம்பித்தார். கோப்பை ஸ்பானிஷில் பெண்பால், அதனால் லோ இல்லை, லா. வீட்டுக்கு நடந்துபோன வழியெல்லாம் அந்த 'லா'வைச் சொல்லிக்கொண்டே போனேன்.