ஸ்கைரிம் முகக் கோளாறுகள்: கேளுங்க, சொல்றேன்

ஸ்கைரிம் கேம்ல மோட் (ரசிகர்கள் செஞ்சு தர்ற கூடுதல் ஃபைல்) போட்டு ஆட்களோட முகம் கெட்டுப்போனவங்க இன்னைக்குக் கேட்கலாம். கேட்டவங்களை ஊர்ப் பேரால போடுறேன். 2016இல வந்த ஸ்பெஷல் எடிஷனுக்குத்தான் நான் பதில் சொல்வேன். எல்லாருக்கும் முதல்ல ஒண்ணு: எக்ஸ்எடிட்டை (மோட்டோட பதிவுகளைத் திருத்துற கருவி) மோட் ஆர்கனைசருக்குள்ள (மோட்களை அடுக்கி வைக்கிற கருவி) இருந்தே திறங்க. வெளியில இருந்து திறந்தா உங்க மோட் ஒண்ணுமே அதுக்குத் தெரியாது.

ஹட்டன்: அக்கா, அழகாக்குற மோட் போட்டதும் கேம்ல என்கூட வர்ற லிடியா முகம் மட்டும் சாம்பல் கலந்த கறுப்பா இருக்கு. உடம்பு சரியா இருக்கு.

தம்பி, ஒரு ஆளோட முகம் ரெண்டு இடத்துல இருக்கு. பிளக்கின்ல (மோட்டோட தரவு ஃபைல்) இருக்கிற பதிவு ஒண்ணு: என்ன தலைமுடி, என்ன கண், என்ன புருவம்னு. அதை வச்சு முன்கூட்டியே செஞ்சு வச்ச ஃபேஸ்ஜென் ஃபைல் இன்னொண்ணு. பதிவுல உள்ள தலை உறுப்பும் ஃபைல்ல உள்ளதும் ஒத்துப்போகலன்னா முகத்துக்கு நிறம் ஏறாது. நீங்க பார்க்கிறது அதுதான்.

அழகு மோட்ல ரெண்டும் சரியாத்தான் இருந்திருக்கும். அதுக்குக் கீழ லிடியாவைத் தொடுற வேற மோட் ஒண்ணு இருக்கும். அது அவ கவசத்தை மட்டும் மாத்தியிருந்தாலும் போதும். கடைசியா ஏறுற பிளக்கின்னோட பதிவு முழுசா ஜெயிக்கும், பாதி பாதியா சேராது. அதால பதிவு ஒரு மோட்ல இருந்து வருது, ஃபைல் இன்னொரு மோட்ல இருந்து வருது.

முதல்ல சரியான ஃபைலைத் தேடுங்க. கன்சோலை (கேம்ல கட்டளை எழுதுற பெட்டி) திறந்து லிடியாவை க்ளிக் பண்ணினா 000ஏ2சி94 காட்டும். அது கேம் உலகத்துல நிறுத்தி வச்ச அவளுக்கான எண். முக ஃபைலோட பேர் மூல எண்ணுல இருக்கும்: 000ஏ2சி8ஈ. ஃபோல்டர் பேரும் உங்க மோட் பேர் இல்ல, ஸ்கைரிம்.ஈஎஸ்எம்தான். பாதிப் பேர் தப்பான எண்ணைத் தேடிட்டு "ஃபைலே இல்ல"ன்னு வர்றாங்க.

பிறகு எக்ஸ்எடிட்ல லிடியா பதிவைத் திறந்து, கடைசியா ஜெயிக்கிறதைப் புது பேட்ச் (சின்னத் திருத்த பிளக்கின்) ஒண்ணுக்கு ஓவர்ரைடா (மேலெழுதுற நகலா) எடுங்க. அழகு மோட் பக்கத்துல இருந்து தலை உறுப்பு, முடி நிறம், தலை டெக்ஸ்சர் (தோலோட படம்), டெக்ஸ்சர் லைட்டிங், ஃபேஸ் மார்ஃப் (முக வடிவம்), முக பாகம், டின்ட் லேயர் (நிறப் பூச்சு), எடை இதெல்லாம் இழுத்துப் போடுங்க. மத்ததைத் தொடாதீங்க. பேட்சைக் கடைசியில வைங்க.

தலவாக்கலை: லூட் (பிளக்கின் வரிசையைத் தானா அடுக்குற கருவி) வச்சு அடுக்கிட்டேன். இன்னும் கறுப்புதான்.

லூட் பிளக்கின்னைத்தான் அடுக்கும். ஃபைல் எந்த மோட்ல இருந்து வரணும்னு முடிவு பண்றது மோட் ஆர்கனைசரோட இடது பக்கம். ரெண்டு பக்கத்துலயும் ஒரே மோட் ஜெயிக்கணும்.

பண்டாரவளை: கழுத்துல கோடு மாதிரி தெரியுது.

அது வேற கோளாறு. உடம்புத் தோலும் முகத் தோலும் ரெண்டு மோட்ல இருந்து வந்திருக்கும், ஒரே செட்டா போடுங்க. நிறக் கோடு இல்லாம இடைவெளியே தெரிஞ்சா, பதிவுல உள்ள எடையும் முகத்தைச் செஞ்சப்போ இருந்த எடையும் வேற.

பதுளை: முகம் முழுக்க ஊதா.

டெக்ஸ்சர் ஃபைல் இல்ல. மோட்டைத் திரும்ப இறக்குங்க.

மஸ்கெலியா: பிளக்கின் எண்ணிக்கை 254 எல்லையைத் தாண்டுதுன்னு ஃபாலோவர் (கூட வர்ற ஆள்) மோட் எல்லாத்தையும் அந்தக் கணக்குல சேராத ஈஎஸ்எல் வகையா ஆக்கினேன். எல்லா முகமும் போச்சு.

ஈஎஸ்எல் ஆக்கினதுல தப்பில்ல, அதுக்குன்னு எண்ணைச் சுருக்கினதுலதான் வந்தது. ஆளோட எண் மாறிடுச்சு, முக ஃபைல் பழைய பேர்லயே கிடக்கு. பழைய பிளக்கின்னைத் திருப்பிப் போடுங்க. சுருக்கத்தான் வேணும்னா க்ரியேஷன் கிட்ல (கேம் கம்பனியோட எடிட்டர்) ஆளைத் தெரிவு செஞ்சு கன்ட்ரோலோட எஃப்4 அமுக்கி முகத்தைப் புதுசா எடுங்க. உங்க பக்கம் தென்மேல் மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வரும், வேலைக்கு முன்னாடி பிளக்கின்னை நகல் எடுத்து வைங்க.

நுவரெலியா: நசீம், அம்ரென் ரெண்டு பேர் முகமும் கறுப்பு. இதே பேட்ச் போதுமா?

அவங்க கேம்ல ரெட்கார்ட் இனத்து ஆட்கள், ஹாமர்ஃபெல் பக்கத்துச் சனம். அவங்க நிறமே அதுதான். கையைப் பாருங்க, கழுத்தைப் பாருங்க. முகமும் அதே நிறமா இருந்தா ஒரு கோளாறும் இல்ல.

ஹாலிஎல: அழகுக்குத்தானே அக்கா மோட் போடுறோம். கொஞ்சம் வெளுப்பாக்கினா என்ன?

உங்க கேம், உங்க விருப்பம். ஆனா அதைக் கோளாறுன்னு சொல்லித் திருத்த என்கிட்ட வராதீங்க. ஆளையெல்லாம் அழகாக்குறேன்னு வர்ற மோட் சிலதுல ரெட்கார்ட் பொண்ணுங்களை வெளுத்துடுறாங்க. படத்தைப் பார்த்தா நோர்ட் (வெளுத்த இனம்) பொண்ணா ரெட்கார்ட் பொண்ணான்னே தெரியாது. செஞ்சவர் மூக்கையும் கண்ணையும் எவ்வளவு நேரம் உக்காந்து செதுக்கியிருப்பார், நிறத்துக்கு மட்டும் ஏன் பயப்படணும்?

ஹாலிஎல: இருட்டுல முகம் தெரியலங்கிறதுக்குத்தான் சொன்னேன்.

அப்ப லைட்டிங் மோட்டை மாத்துங்க, ஆளை மாத்தாதீங்க. கொழுந்து மலையில வெயில்ல நின்ன நம்ம அம்மாமார் முகத்தை யாராவது "பக்"னு சொன்னா நமக்குச் சுடும்தானே? கறுப்பான முகத்தை அழகா செய்யலாம். அதே தோல் டெக்ஸ்சர் 4கேல போட்டு, டின்ட்டைக் கெடுக்காம, கண்ணுக்கு நல்ல வெளிச்சம் குடுத்து அம்ரென்னைப் பாருங்க. அந்த மாதிரி ஒரு மோட் செய்ய யாராவது தயார்னா நான் கூட இருந்து சொல்லித் தர்றேன்.

கினிகத்தேன: செரானா முகம் கறுப்பு.

வாம்பயரோட வெளுத்த முகம் கறுத்தா அது கோளாறுதான். முதல் பதில். ஃபோல்டர் மட்டும் டான்கார்ட்.ஈஎஸ்எம், அவ அந்த விரிவாக்கத்துல வர்றவ.

பொகவந்தலாவ: என்னோட லிடியாவும் கறுப்பு.

முதல் பதில்.

அப்புத்தளை: எக்ஸ்எடிட்ல என் மோட் ஒண்ணுமே தெரியல.

முதல் பத்தி. மோட் ஆர்கனைசருக்குள்ள இருந்து திறங்க.

கண்டி: ஃபால்அவுட் 4 முகத்துக்கும் இதே வழியா?

அதை நான் தொட்டதில்ல. அது தெரிஞ்ச ஆளைக் கேளுங்க.

ஹட்டன்: அக்கா, லிடியா சரியாயிடுச்சு! இனி க்ரியேஷன் கிட்ல எல்லாரையும் தெரிவு செஞ்சு ஒரே தடவையில முகம் எடுத்துடவா?

வேணாம் தம்பி! நல்லா இருக்கிற முக ஃபைலுக்கு மேலேயும் அது எழுதிடும். கெட்டுப்போன ஆளை மட்டும் எடுங்க.