டொயோட்டா வான் வாங்குமுன் எஞ்சினின் குறியீட்டைப் பாருங்கள்

கேள்வி: ஒட்டுசுட்டானில் தோட்டம் செய்கிறேன். வாரத்தில் மூன்று நாட்கள் அறுநூறு, எழுநூறு கிலோ மரக்கறியை வவுனியாச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். மற்ற நாட்களில் பிள்ளைகளின் பாடசாலைப் பயணத்துக்கும் அதே வாகனம்தான். 2சி எஞ்சின் உள்ள பழைய டவுன்ஏஸ், 3எல் உள்ள டொல்பின் ஹயஸ், 2கேடி உள்ள கேடிஎச் ஹயஸ் ஆகிய மூன்று டீசல் வான்கள் விலைக்கு வந்துள்ளன. பெற்றோலில் ஓடும் 1என்இசட் எஞ்சின் உள்ள சிறிய புரோபொக்ஸ் வாகனத்தை எடுக்கும்படி மைத்துனர் சொல்கிறார். லான்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) ஓட்டுவதற்காக வீட்டில் பீப்பாவில் டீசல் வைத்திருக்கிறேன். எதை வாங்குவது?

பதில்: உங்கள் தேவைக்கு 3எல் எஞ்சின் உள்ள டொல்பின் ஹயஸே பொருத்தமானது. ஆயினும் அதன் சிலிண்டர் ஹெட்டும் (எஞ்சினின் மேல்மூடிப் பகுதி) றேடியேற்றரும் நல்ல நிலையில் இருப்பதை உறுதிசெய்த பின்னரே முற்பணம் கொடுங்கள். இந்த முடிவுக்கான காரணம் எஞ்சின்களின் பெயர்களிலேயே பெருமளவு அடங்கியிருப்பதால், முதலில் அவற்றை வாசிக்கும் முறையைச் சொல்கிறேன்.

டொயோட்டா எஞ்சின் குறியீட்டின் நடுவிலுள்ள எழுத்துகள் அந்த எஞ்சின் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். முன்னால் உள்ள இலக்கம் அந்தக் குடும்பத்துக்குள் அதன் வரிசை மட்டுமே. இலக்கம் கூடினால் எஞ்சின் பெரியது என்று பலரும் நினைக்கிறார்கள். அது எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தாது. எல் குடும்பத்தில் 2எல் 2446 சிசி, 3எல் 2779 சிசி, 5எல் 2986 சிசி என இலக்கத்தோடு கொள்ளளவும் ஏறுகிறது. கேடி குடும்பத்திலோ 1கேடி 2982 சிசி, 2கேடி 2494 சிசி. பெற்றோல் பக்கத்தில் 1என்இசட் 1497 சிசி, 2என்இசட் 1298 சிசி. 2எல்-டி போன்ற குறியீடுகளில் சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில் டி என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டேர்போவையும், ஈ என்பது மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தப்படுவதையும், டீசல் எஞ்சின்களில் வி என்பது கொமன் ரெயில் முறையையும் (உயர் அழுத்தத்தில் உள்ள ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் போகும் முறை) குறிக்கும். வாகனத்தின் மாதிரிக் குறியீடும் எஞ்சின் குடும்பத்தின் எழுத்துகளோடுதான் தொடங்குகிறது. எல்எச் 113 என்ற தகடு எல் குடும்ப எஞ்சின் உள்ள ஹயஸையும், கேடிஎச் என்பது கேடி எஞ்சின் உள்ள ஹயஸையும், என்இசட்ஈ 121 என்பது என்இசட் எஞ்சின் உள்ள கொரோலாவையும் குறிக்கின்றன. நம்மவர்கள் வானையே கேடிஎச் என்று அழைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது அதன் எஞ்சினையும் சேர்த்துச் சொல்லும் பெயர்.

டவுன்ஏஸில் உள்ள 2சி, 1974 சிசி கொண்ட சிறிய டீசல் எஞ்சின். சிக்கனமானது; உதிரிப்பாகமும் எங்கும் கிடைக்கும். ஆனால் இக்குடும்பத்தில் இரும்புப் பிளொக்கின் மேல் அலுமினிய ஹெட் பூட்டப்பட்டிருக்கிறது. இவ்விரு உலோகங்களும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு முறை கடுமையாகச் சூடேறினாலே ஹெட் வளைந்து, ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில் அடைப்பாக உள்ள கஸ்கட் எரிந்துபோகலாம். வால்வுகளுக்கு இடையில் வெடிப்பும் விழலாம். எழுநூறு கிலோ சுமையோடு, மே மாத வெயிலில், நெடுங்கேணி வழியாகப் புளியங்குளம் வந்து ஏ9 வீதியில் ஏறும் வாகனத்துக்கு இந்த எஞ்சின் போதாது. பிள்ளைகளின் பயணம் மட்டுமே தேவையாக இருந்திருந்தால் நான் மறுத்திருக்கமாட்டேன்.

வன்னியில் டீசல் எஞ்சின்கள் கெட்டுப்போவதற்கு எஞ்சினின் வடிவமைப்பை விட நாம் ஊற்றும் தண்ணீரே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. நமது கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் பலவற்றின் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்புத்தான், அந்தத் தண்ணீரை றேடியேற்றருக்கு ஊற்றினால், அதன் ஒடுங்கிய குழாய்களிலும் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீர்வழிகளிலும் படிகிறது. படிவு ஏற ஏற வெப்பம் வெளியேறுவது குறையும். சமதரையில் வெறுமையாக ஓடும்போது இது தெரியாது. பாரம் ஏற்றி நெடுந்தூரம் ஓடும் நாளில்தான் வெப்பமானியின் முள் மேலே போகும். ஹயஸிலும் பழைய டவுன்ஏஸிலும் எஞ்சின் இருக்கைக்குக் கீழே இருப்பதால், கசிவையும் கொதிப்பையும் சாரதி காண்பது பிந்திவிடுகிறது. ஆகவே எந்த வானை வாங்கினாலும், முதல் வேலையாகக் குளிர்விக்கும் தொகுதியை முழுவதும் கழுவி, உரிய கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் கலந்து நிரப்புங்கள். எஞ்சின் சூடேறும்வரை றேடியேற்றருக்குப் போகும் நீரைத் தடுத்துவைக்கும் தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அது இல்லாமல் எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாது. டீசல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும்.

3எல் எஞ்சினில் டேர்போ இல்லை, கணினி இல்லை. எரிபொருளை இயந்திர பம் ஒன்று முன்னறைக்குள் செலுத்துகிறது, அங்கே தொடங்கும் எரிதல் சிலிண்டருக்குள் பரவுகிறது. நேரடியாகச் செலுத்தும் புதிய எஞ்சின்களோடு ஒப்பிட்டால் இது சற்றுக் கூடுதலாக டீசல் குடிக்கும், இழுவையும் நிதானமானது. ஆனால் மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ உள்ள சாதாரண கராச்சில் ஸ்கேனர் இல்லாமலே இதைத் திருத்தலாம். உதவி நிறுவனங்களும் கண்ணிவெடி அகற்றும் அமைப்புகளும் உலகெங்கும் விரும்பி எடுத்த லான்ட் குரூஸரின் 1எச்இசட் எஞ்சினும், 4164 சிசியும் ஆறு சிலிண்டர்களும் கொண்டதாயினும், இதே எளிய முறையில் அமைந்ததுதான். எல் குடும்பத்தில் நான் எச்சரிப்பது டேர்போ பூட்டிய 2எல்-டி வகையை. அதன் ஹெட் வெடிப்பது பல நாடுகளில் அறியப்பட்ட குறை. 3எல் எஞ்சினுக்கு, வால்வுகளை உரிய நேரத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் உண்டு. அதை ஒவ்வொரு 1,00,000 கிலோமீற்றருக்கும் மாற்ற வேண்டும். அமுக்க விகிதம் 22:1 அளவில் உள்ள எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையில் இருக்கும் இடம் மிகச் சிறியது; ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால், மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

2கேடி எஞ்சின் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல டீசலும் நல்ல பராமரிப்பும் கிடைத்தால், மூன்று வான்களிலும் குறைந்த டீசலில் கூடிய சுமையை இழுப்பது அதுவே. உங்களுக்கு அதை வேண்டாம் என்று சொல்ல வைப்பது உங்கள் வீட்டுப் பீப்பா. கொமன் ரெயில் முறையில் எரிபொருளின் அழுத்தம் 1000 பாரை, அதாவது சாதாரண காற்றழுத்தத்தின் ஏறத்தாழ ஆயிரம் மடங்கைத் தாண்டும். பம்முக்கும் இன்ஜெக்டருக்கும் மசகாக இருப்பதும் அந்த டீசலே. பீப்பாவின் அடியில் தேங்கும் நீரும் துருவும் மண்ணும், யாரேனும் கலந்துவிடும் மண்ணெண்ணெயும் அந்த நுண்ணிய பாகங்களை அரித்துவிடும். பொருளாதாரத் தடை இருந்த 1990களில், சில துளி பெற்றோலில் இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டிய மக்கள் நாம். கிடைத்ததை ஊற்றி ஓடும் அந்தத் திறமை அன்றைய எளிய எஞ்சின்களில்தான் செல்லுபடியாகும். கேடி எஞ்சின்களில் இன்னொரு குறையும் உண்டு. இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வளையம் கசிந்தால், எரிந்த வாயு ஒயிலோடு கலந்து கரிப்படிவை உண்டாக்கும். அது ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்து எஞ்சினையே ஒயில் இல்லாமல் ஓடவைக்கும். எப்படியும் கேடிஎச்தான் வேண்டும் என்றால், இன்ஜெக்டர்களைப் பரிசோதிப்பித்து, ஒயில் தட்டையும் கழற்றிப் பார்த்தபின் எடுங்கள். டீசலை எரிபொருள் நிலையத்தில் மட்டும் நிரப்புங்கள்.

மைத்துனர் சொல்லும் 1என்இசட் உறுதியான பெற்றோல் எஞ்சின். அதற்கு டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலிதான். ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் நெடுங்காலம் உழைக்கும். சாதாரண பெற்றோலுக்கென்றே வடிவமைக்கப்பட்டதால் 92 ஒக்டேன் போதும், 95இற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் எழுநூறு கிலோ மரக்கறி புரோபொக்ஸின் சுமையல்ல.

டொல்பினைப் பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். றேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு எஞ்சினை இயக்கச் சொல்லுங்கள். தொடக்கத்திலிருந்தே விடாமல் குமிழி வந்தால் ஹெட்டிலோ கஸ்கட்டிலோ பழுது இருக்கலாம். அழுத்தப் பரிசோதனை செய்யாமல் எடுக்கக்கூடாது. நீர் துரு நிறத்தில் இருந்தால் கூலன்ட் ஊற்றப்படவில்லை. பின்னர் பாரத்தோடு ஏ9 வீதியில் ஓட்டிப் பாருங்கள். சூடான பிறகும் கறுப்புப் புகை தொடர்ந்தால் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையில் தடுமாறுவீர்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. கடைசியாக, பிளொக்கில் பொறித்துள்ள எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். புத்தகத்தில் 3எல் என்றிருக்க, உள்ளே வேறு எஞ்சின் ஏற்றப்பட்ட வான்கள் ஓடுகின்றன. இலக்கம் பொருந்தாவிட்டால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விற்பவரே அதைத் திருத்தித் தரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.